ஓய்வு பெறப்போகும் ஹவில்தாருக்கு: தோட்டம் வாங்குவதற்கு முன்

கேள்வி:

ஐயா, வணக்கம். நான் ராணுவத்தில் ஹவில்தாராக இருக்கிறேன். 19 வயதில் சேர்ந்தேன், வரும் ஏப்ரலில் 24 வருஷ சர்வீஸ் முடித்து பென்ஷனில் வருகிறேன். சொந்த ஊர் வாழப்பாடி பக்கம். அப்பா பேரில் 7 ஏக்கர் செம்மண் காடு, ஒரு கிணறு இருக்கிறது. அப்பா காலமான பிறகு அண்ணன்தான் பண்ணையம் பார்க்கிறார். என் பங்குக்கு மூன்றரை ஏக்கர் வரும். மனைவி இரண்டு கறவை மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறாள். எனக்கு விவசாயம் என்றால் சின்ன வயதில் அப்பாவுடன் காட்டுக்குப் போனதோடு சரி. கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன் பணத்தை வைத்து ஏற்காட்டில் 2 ஏக்கர் காபித் தோட்டம் வாங்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. மனைவியோ டி.எஸ்.சி.யில் (ஓய்வு பெற்ற படைவீரர்களைக் காவல் பணிக்கு எடுக்கும் பாதுகாப்புப் படைப்பிரிவு) மறுபடி சேரச் சொல்கிறாள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமில் ஒரு குடும்பம், பெரியவர் வவுனியாவில் வெங்காயமும் மிளகாயும் போட்டவர், எங்கள் நிலத்தில் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, செய்யக் கேட்கிறார்கள். அண்ணன் ‘பின்னால் சிக்கல் வரும், வேண்டாம்’ என்கிறார். எனக்கு முழங்கால் வலி உண்டு. நான் எங்கே பயிற்சி எடுப்பது, என்ன பயிர் வைப்பது, தோட்டம் வாங்கலாமா, அந்தக் குடும்பத்துக்கு என்ன சொல்வது? உங்கள் யோசனை வேண்டும்.

– ஒரு வாசகர், வாழப்பாடி வட்டம்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் தோட்டம் வாங்குவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. இப்போது வாங்காதீர்கள். அடுத்த மூன்று வருஷத்துக்கு எந்த நிலத்தையும் வாங்காதீர்கள். ஏற்காட்டு ஆசையை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. கையில் பணம் மொத்தமாக வரும் மாதமும், விவசாயத்தைப் பற்றி நீங்கள் மிகக் குறைவாகத் தெரிந்து வைத்திருக்கும் மாதமும் ஒன்றாகவே வருகின்றன. அந்த மாதத்தில் பத்திரம் எழுதாதீர்கள் என்கிறேன்.

கம்யூட்டேஷன் பணத்தை நம் ஆட்கள் ஏதோ அரசாங்கம் தனியாகக் கொடுத்த பரிசு போல நினைத்துவிடுகிறார்கள். அது உங்கள் சொந்த பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்வது. அந்தப் பகுதி உங்கள் மாதாந்திர பென்ஷனில் குறைந்து, 15 வருஷம் கழித்துத்தான் திரும்ப வரும். அதை அப்படியே மலையில் கொண்டுபோய் வைத்தால், 15 வருஷத்து வீட்டுச் செலவில் ஒரு பகுதியை ஒரே கையெழுத்தில் மண்ணில் போட்ட மாதிரி.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். புதிதாக விவசாயத்துக்கு வருகிறவர்களில் பலர் ஏன் இரண்டாம் வருஷமே கையை உதறிவிட்டுப் போகிறார்கள்? முதல் வெள்ளாமையிலேயே பிள்ளைகளின் ஃபீஸ், மளிகை, வட்டி எல்லாம் வர வேண்டியிருக்கிறது. விலை ஒரு முறை சரிந்தால் போதும், அவர்களால் தாங்க முடியாது. உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. மாதா மாதம் பென்ஷன் வந்துவிடும். மெதுவாகக் கற்றுக்கொள்வதற்கான அவகாசம் உங்களிடம் இருக்கிறது, ஊரில் வேறு எந்தப் புது விவசாயிக்கும் அது இல்லை. அதைச் செலவழியுங்கள். பணத்தை அல்ல.

காபி விஷயத்துக்கு வருகிறேன். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபியைக் கொண்டுவந்து வைத்தார். அன்றிலிருந்து தலைமுறை தலைமுறையாக அங்கே இந்தப் பயிரோடு வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். நாகலூர், செம்மடுவு, வெள்ளக்கடை பக்கம் ஒரு சிறு தோட்டக்காரரோடு ஒரு நாள் நடந்து பாருங்கள். எந்த மரத்து நிழலைக் கழிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று அவர் கண்ணாலேயே சொல்லிவிடுவார். அரபிகா செடிக்கு நிழல் குறைந்தால் தண்டுத் துளைப்பான் பூச்சி புகுந்துவிடும். நிழல் அதிகமானால் காய்ப்பு குறையும். புதிதாக நட்டால் மூன்று நான்கு வருஷம் கழித்துத்தான் முதல் பழம். பங்குனி, சித்திரையில் செடியைப் பூக்க வைக்கும் ‘பூ மழை’ நேரத்துக்கு விழுந்து, சில வாரத்தில் அடுத்த மழையும் விழ வேண்டும். பழம் சிவக்கும் கார்த்திகை, மார்கழியில் எல்லாத் தோட்டக்காரர்களும் ஒரே சமயத்தில் ஆள் தேடுவார்கள். இரண்டு ஏக்கர்காரருக்கு ஆள் கடைசியில்தான் வரும்.

மலையில் நிலத்துக்கான காகிதமும் கீழ்நாட்டு மாதிரி கிடையாது. மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அரசு ஒப்படைத்த நிபந்தனைப் பட்டா நிலங்கள் அங்கே உண்டு. அவற்றை வெளியாள் வாங்கினால் அந்தப் பத்திரம் நிற்காது, அவர்களுக்குச் செய்யும் அநியாயமும்கூட. மரம் வெட்ட அனுமதி, நிலப் பயன்பாட்டை மாற்றுவதற்கு மலைப்பகுதிக் கட்டுப்பாடு என்று இன்னும் இருக்கின்றன. ‘ரேட்டு குறைச்சல், உடனே முடிச்சிடலாம்’ என்று புரோக்கர் அவசரப்படுத்தும் இடமெல்லாம் பெரும்பாலும் இந்த மாதிரி நிலமாகத்தான் இருக்கும்.

ஆசை உண்மையாகவே இருந்தால் இப்படிச் செய்யுங்கள். ஓய்வு பெற்ற பிறகு வரும் முதல் அறுவடைக் காலத்தில் ஒரு சிறு தோட்டத்தில் போய் வேலை செய்யுங்கள். பழம் பறிப்பது, அன்றைக்கே பல்ப்பர் இயந்திரத்தில் தோல் எடுப்பது, ஊறவைத்துக் கழுவிக் காயவைப்பது எல்லாம் கையால் செய்து பாருங்கள். ஏற்காட்டில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, காபி வாரியத்தின் ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களோடு பழகுங்கள். மூன்று வருஷம் கழித்தும் மலை உங்களைக் கூப்பிட்டால், அப்போது எந்தக் கேள்வி கேட்க வேண்டும் என்று தெரிந்த ஆளாகப் போய் வாங்குவீர்கள்.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. 5 ஏக்கருக்குள் இருந்தால் நீங்கள் சிறு விவசாயி. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனம் 100 சதவீத மானியத்தில் கிடைக்கிறது. மற்றவர்களுக்கு 75 சதவீதம்தான். மூன்றரை ஏக்கரோடு மலையில் இரண்டு ஏக்கர் சேர்ந்தால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள்.

இனி அண்ணன். உங்கள் கடிதத்தில் இதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள், எனக்கோ படித்தவுடன் மனம் அங்கேதான் நின்றது. இத்தனை வருஷம் அந்தக் காட்டைத் தரிசாக விடாமல் உழுதவர் அவர். கிணறு தூர் வாரினது, மோட்டார் காயில் கட்டினது, வரப்புச் சண்டையில் நின்றது எல்லாம் அவர்தான். உங்களுக்கு வருஷத்துக்கு இரண்டு மூட்டை நிலக்கடலையோ ராகியோ அனுப்பியிருக்கலாம், அனுப்பாமலும் இருந்திருக்கலாம். ஏப்ரலில் நீங்கள் வந்து இறங்கி ‘என் பங்கைப் பிரித்துக் கொடு’ என்று கேட்டால் சட்டப்படி சரிதான். ஆனால் அவருடைய பண்ணையம் ஒரே நாளில் பாதியாகிவிடும். அன்றைக்கு நீங்கள் ஒரு பங்காளியைச் சம்பாதிப்பீர்கள், ஒரு வாத்தியாரை இழப்பீர்கள்.

காகிதத்தில் பிரிப்பதையும் காட்டில் பிரிப்பதையும் வேறு வேறாக வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தை உடனே பிரியுங்கள். தள்ளிப்போடாதீர்கள். அப்பா பேரில் இருக்கும் பட்டாவை வைத்துக்கொண்டு சிறு விவசாயி சான்றும் வாங்க முடியாது, மானியமும் வராது, சொசைட்டியில் பயிர்க்கடனும் கிடைக்காது. வாரிசுச் சான்று, அக்கா தங்கை இருந்தால் அவர்கள் பங்கு, பாகப்பிரிவினைப் பத்திரம், சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு செய்து தனிப் பட்டா என்று ஒவ்வொன்றாக முடியுங்கள். பத்திரத்தில் நம் ஊர் ஆட்கள் எழுதாமல் விட்டுவிட்டு அப்புறம் கோர்ட்டுக்குப் போகும் விஷயங்களைக் கட்டாயம் எழுதுங்கள்: கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, மோட்டார் முறை எப்படி, மின் இணைப்பு யார் பேரில், வாய்க்கால் எந்த வரப்பு ஓரம், வண்டிப் பாதை எது. நிலத்தைப் பிரித்த அண்ணன் தம்பிகள் சண்டைபோட்டு நான் பார்த்ததைவிட, தண்ணீர் முறைக்காகச் சண்டை போட்டதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

காட்டில் மட்டும் அவசரம் வேண்டாம். பத்திரம் முடிந்த பிறகும், முதல் வருஷம் ஒரு ஏக்கரை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மீதி இரண்டரை ஏக்கரை அண்ணனே செய்யட்டும். அதற்கு ஒரு வாரமோ குத்தகையோ பேசி, பேசியதை எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் உழும் நாளில் நீங்களும் போய் நில்லுங்கள். அவர் நாற்று வாங்கப் போனால் கூடவே போங்கள். பயிற்சி மையத்தில் நீங்கள் வெறும் ரெக்ரூட்டாக நின்ற அந்த முதல் வருஷம் ஞாபகம் இருக்கும்தானே, இதுவும் அதே வருஷம்தான். ஹவில்தார் என்ற பட்டையைக் காட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். அண்ணனிடம் மட்டுமல்ல, களையெடுக்க வரும் அம்மாக்களிடமும்தான். ‘ஏன் லேட்டு?’ என்று அவர்களை வரிசையில் நிறுத்திக் கேட்டால் மறுநாள் பக்கத்துக் காட்டில்தான் அவர்களைப் பார்ப்பீர்கள்.

உங்கள் மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு மாட்டை வைத்து, தீவனம் பார்த்து, சினை பிடிக்க டாக்டரைக் கூப்பிட்டு, காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றி, பால் அட்டைக் கணக்கை வைத்துக்கொண்டு பிள்ளைகளையும் வளர்த்திருக்கிறார். நீங்கள் இல்லாத வீட்டில் இத்தனை வருஷமாக ஒரு விவசாயி இருந்துகொண்டுதான் இருக்கிறார். அவர் டி.எஸ்.சி. என்று சொல்வதைப் பயம் என்று நினைக்காதீர்கள். மாட்டுக் கணக்கு பார்த்தவருக்கு விவசாயத்தில் பணம் எப்படிப் போகும், எப்போது வரும் என்று தெரியும். உட்கார்ந்து அவரிடம் கணக்கு கேளுங்கள். டி.எஸ்.சி.யில் சேர்வது தவறான முடிவு இல்லை. ஆனால் நிலத்தில் இறங்க வேண்டும் என்று மனசு இருக்கிறவர் இன்னும் சில வருஷம் தள்ளிப்போட்டால் முழங்கால் அதற்காகக் காத்திருக்காது. இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். நிலத்தில் வாங்கும் எந்தக் கடனும் அவருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

முகாம் குடும்பத்தைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு நான் மிகவும் சந்தோஷப்பட்டேன். நிறையப் பேர் கேட்காமலே கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

வவுனியாப் பக்கத்து விவசாயிக்குக் கிணற்றுத் தண்ணீரை அளந்து பாத்தி பாத்தியாகக் கட்டி வெங்காயமும் மிளகாயும் எடுப்பது கைவந்த கலை. உங்கள் செம்மண்ணுக்கும் ஒற்றைக் கிணற்றுக்கும் அந்த அனுபவம் நேராகப் பொருந்தும். அவரிடம் நிலம் இல்லை, உங்களிடம் கை இல்லை. ஆனால் நல்ல மனசு மட்டும் போதாது, ஏற்பாடு சரியாக இருக்க வேண்டும்.

இலங்கைக் குடியுரிமை உள்ளவர்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இங்கே நிலம் வாங்க முடியாது. 5 வருஷத்துக்கு மேற்படாத குத்தகை மட்டும் அந்தத் தடைக்கு வெளியே இருக்கிறது. அண்ணன் பயப்படுவது இதற்காக இல்லை என்று நினைக்கிறேன். 1955-ஆம் வருஷத்துச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்ததிலிருந்து, ‘குத்தகைக்கு விட்டால் நிலம் திரும்ப வராது’ என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. அந்தப் பயத்தால்தான் எழுத்தில் எதுவும் வைக்காமல் வாய்ப்பேச்சாக விட்டு, கடைசியில் இரண்டு பக்கமும் மனக்கசப்போடு பிரிகிறார்கள்.

முதல் வருஷத்துக்கு வாரம் வேண்டாம். உங்கள் ஒரு ஏக்கரை நீங்களே சாகுபடி செய்யுங்கள். விதை, உரம், உழவு உங்கள் செலவு. பெரியவரும் அவர் வீட்டு ஆட்களும் வேலை செய்யும் நாளுக்கெல்லாம் ஊரில் நடக்கும் கூலி. அதற்கு மேல் வெங்காயம் விற்ற பணத்தில் செலவு போக மிச்சத்தில் ஒரு பங்கு. பங்கு எவ்வளவு என்பதை விதைக்கு முன் பேசி, எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். முகாமில் இருக்கிறவர்கள் என்று கூலியில் ஒரு ரூபாயும் குறைக்காதீர்கள். முகாமைப் பார்க்கும் வருவாய் ஆய்வாளரிடம் நீங்களே நேரில் போய், இன்னார் என் நிலத்தில் வேலை செய்கிறார் என்று சொல்லிவிடுங்கள். முகாமில் கணக்கெடுப்பு நாளில் அவர்கள் அங்கே இருந்தாக வேண்டும். அந்த நாட்களை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்றைக்குத் தண்ணீர் முறையோ மருந்தடிப்போ வைக்காதீர்கள். ஒரு வருஷம் சேர்ந்து வேலை பார்த்த பிறகு குத்தகை எழுதலாமா என்று பேசுங்கள். அப்போது ஒரு வக்கீலிடம் காட்டி எழுதுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது, சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 1987-லிருந்து 1990 வரை இந்திய ராணுவம் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இருந்தது. நீங்கள் அப்போது சின்னப் பையன். ஆனால் பெரியவருக்கு ‘இந்திய ஆமிக்காரர்’ என்றால் மனதில் என்ன வரும் என்று நமக்குத் தெரியாது. அவராக அந்தப் பேச்சை எடுத்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். எடுக்காவிட்டால் நீங்களும் எடுக்காதீர்கள். ஊரை விட்டு வெகுநாள் இருந்து திரும்புவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்குத் திரும்பவே முடியவில்லை.

இந்த மாதிரிச் சேர்ந்து கற்பது புதிதும் அல்ல. இரண்டாம் உலகப் போர் முடியும் சமயத்தில் சென்னை மாகாண அரசு முன்னாள் படைவீரர்களை வயநாட்டில் குடியேற்றியபோது, நிலத்தை மட்டும் கொடுத்துவிட்டு நிற்கவில்லை. அம்பலவயலில் ஒரு பண்ணையும் தொடங்கியது. இன்றைக்கு அது பெரிய ஆராய்ச்சி நிலையம். அமெரிக்காவில் விவசாயத்தில் 10 வருஷம் ஆகாதவர்களைத் தொடக்க விவசாயி என்று கணக்கில் எடுத்து அவர்களுக்குப் பயிற்சி நிதி வைத்திருக்கிறார்கள். 2014-ஆம் வருஷத்துப் பண்ணைச் சட்டம் அந்த நிதியில் குறைந்தது 5 சதவீதத்தைப் படைவீரர்களுக்கென ஒதுக்கியது. பூட்டான், பர்மா, சோமாலியாவிலிருந்து போய்ச் சேர்ந்த அகதி விவசாயிகளுக்கு அங்கே பொதுப் பண்ணையில் சின்னத் துண்டு நிலம் கொடுக்கிறார்கள். தண்ணீர், கருவி, விற்க ஒரு சந்தை எல்லாம் பண்ணையே ஏற்பாடு செய்யும். சில வருஷம் அதில் கை பழகிய பிறகுதான் சொந்தமாக நிலம் எடுக்க வெளியே போகிறார்கள். பத்து வருஷம் வரைக்கும் ஒருவரைப் புதியவர் என்று ஒப்புக்கொள்ளும் அந்தப் பொறுமை எனக்குப் பிடித்திருக்கிறது. சேலம் மாவட்டத்தில் முகாம் குடும்பத்துக்கும் முன்னாள் படைவீரருக்கும் சேர்த்து அப்படி ஒரு பண்ணை வர வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அது வரும்வரை உங்கள் ஒரு ஏக்கர் அந்த வேலையைச் செய்யட்டும்.

அந்த ஒரு ஏக்கரில் என்ன வைப்பது? நான் சொல்வது மரவள்ளிக் கிழங்கு, ஊடுபயிராகச் சின்ன வெங்காயம். நம் மாவட்டத்தில் கிழங்குக்கு மில் இருக்கிறது, வியாபாரி இருக்கிறார், பக்கத்துக் காட்டில் சந்தேகம் கேட்க ஆள் இருக்கிறார். முதல் பயிருக்கு இது போதும். தை, மாசியில் மூன்றடிக்கு மூன்றடி கரணை (நடுவதற்கு வெட்டிய தண்டுத் துண்டு) ஊன்றினால் ஏக்கருக்கு 5,000 செடிக்குக் கொஞ்சம் குறைவாக வரும். செடி தழைத்து நிழல் கட்டுவதற்குள், 60, 70 நாளில் வெங்காயத்தை எடுத்துவிடலாம். பெரியவரின் கை அங்கேதான் வேலை செய்யும்.

கிழங்கில் நீங்கள் கவனிக்க வேண்டியது கரணைதான். தேமல் நோய் கரணையோடு வரும், அப்புறம் வெள்ளை ஈ அதைப் பரப்பும். அறுவடை முடிந்து குவித்து வைத்த குச்சியில் எது நோய்க் குச்சி என்று யாராலும் சொல்ல முடியாது, இலையே இருக்காது. அதனால் செடி பச்சையாக நிற்கும்போதே, நோய் இல்லாத செடியாகப் பார்த்துத் துணியோ கயிறோ கட்டிவைத்துவிட வேண்டும். இந்த விடுப்பில் வரும்போது அண்ணன் காட்டிலோ பக்கத்திலோ இதைச் செய்துவிட்டுப் போங்கள். நடும்போது தண்டின் நடுப்பகுதியில் 15 சென்டிமீட்டர் நீளம், எட்டுப் பத்துக் கணு இருக்கிற மாதிரி வெட்டுங்கள்.

மாவுப்பூச்சி வந்தால் பதறி வாரம் ஒரு மருந்து அடிக்காதீர்கள். 2020-இல் இந்தப் பூச்சி நம் நாட்டுக்குள் வந்து கிழங்குக் காடுகளைச் சுருட்டியபோது, ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டிலிருந்து ஒரு ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்துப் பெருக்கி, 2022-இல் நம் ஏத்தாப்பூரில் வைத்துத்தான் விட்டார்கள். கண்ட மருந்தையும் அடித்தால் அந்தக் குளவிதான் முதலில் சாகும்.

விலையை மில்லில் பாயிண்ட் வைத்துப் போடுவார்கள், அதாவது மாவுச்சத்து எவ்வளவு என்று பார்த்து. 24 பாயிண்ட் கிழங்குக்கும் 28 பாயிண்ட் கிழங்குக்கும் டன்னுக்குத் தெரிகிற வித்தியாசம் இருக்கும். பிடுங்கிய கிழங்கு காத்திருக்காது, ஓரிரு நாளில் அரைத்தாக வேண்டும். அதனால் லாரியும் மில்லும் உறுதியான பிறகுதான் முதல் செடியைப் பிடுங்க வேண்டும். சேகோசர்வ் கூட்டுறவில் ஜவ்வரிசி என்ன விலைக்கு ஏலம் போகிறது என்பதை இப்போதிருந்தே கவனித்து வாருங்கள். எடை போடும்போது நீங்கள் நேரில் நில்லுங்கள். இந்த ஒரு இடத்தில் ராணுவக் கண்டிப்பு தாராளமாக இருக்கலாம்.

தண்ணீரைக் கார்த்திகையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சித்திரையில் பாருங்கள். கிணறு எத்தனை மணி நேரம் ஓடுகிறது, திரும்ப ஊற எவ்வளவு நேரம் ஆகிறது என்று எழுதி வையுங்கள். ஓய்வு பெற்று வந்த பலர் முதல் மாதத்திலேயே போர் (ஆழ்துளைக் கிணறு) போடுகிறார்கள். வாழப்பாடிப் பக்கம் பாறை. ஆயிரம் அடி போட்டும் புகை மட்டுமே வந்த போர்கள் ஊருக்கு ஊர் உண்டு. இருக்கிற கிணற்றுக்குள் சொட்டுநீர் போட்டு அடங்கும் பயிரைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

பயிற்சிக்கு வெகுதூரம் போக வேண்டாம். மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமான ஆராய்ச்சி நிலையம் ஏத்தாப்பூரில் இருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து பக்கம். சந்தியூரில் வேளாண் அறிவியல் நிலையம். மண்ணும் தண்ணீரும் பரிசோதிக்கவும், குறுகிய காலப் பயிற்சிக்கும் அங்கே போங்கள். வட்டார வேளாண் உதவி இயக்குநர் அலுவலகத்தில் அட்மா என்ற விவசாயிகள் பயிற்சித் திட்டத்துக்குப் பெயர் கொடுங்கள். மாட்டைப் பெருக்க நினைத்தால் தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரி, ஆடு என்றால் பொட்டனேரியில் மேச்சேரி ஆட்டு ஆராய்ச்சி நிலையம். உங்கள் யூனிட் வழியாக ரிசெட்டில்மென்ட் கோர்ஸுக்கும் (ஓய்வுக்குப் பிந்தைய வேலைக்கான பயிற்சி) விண்ணப்பியுங்கள். ஆனால் வேறு மாநிலத்தில், வேறு மண்ணில் பயிர் வளர்ப்பு படிப்பதைவிட இயந்திரப் பழுதோ, கணக்கு வைப்பதோ, பால் பண்ணையோ எடுத்தால் இங்கே கூடுதலாக உதவும் என்பது என் அபிப்பிராயம்.

அரசுப் பணத்தில் இரண்டு விஷயம். பி.எம். கிசான் 6,000 ரூபாய் உங்களுக்கு வராது. மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு அதில் இடம் இல்லை. யாராவது வாங்கித் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள், பின்னால் திருப்பிக் கேட்பார்கள். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கலாம், தவணைக்குள் கட்டினால் வட்டி கிடையாது. 2024 சுதந்திர தினத்தில் அறிவித்த ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தில் முன்னாள் படைவீரர்களுக்கு 1 கோடி ரூபாய் வரை கடனும், 30 சதவீத மூலதன மானியமும், 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. அது தொழில் தொடங்குவதற்கான திட்டம். மூன்றாம் வருஷத்தில் மரச்செக்கோ பால் பொருளோ என்று மனசில் ஏதாவது உருவானால் அப்போது யோசியுங்கள். ஆனால் சேலத்தில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வந்த உடனே பதிவு செய்துவிடுங்கள்.

முழங்காலை அலட்சியம் செய்யாதீர்கள். குந்தி உட்கார்ந்து செய்யும் வேலையை நீங்கள் எடுக்க வேண்டாம். களைக்குப் பவர் வீடர், உழவுக்கு வேளாண் பொறியியல் துறையின் வாடகை டிராக்டர் இருக்கிறது, உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம். உடம்பு வலியைவிட, வந்த முதல் ஆறு மாதத்தில் தூக்கம் வராமல், யாரோடும் பேசப் பிடிக்காமல் இருக்கும் நாட்கள் உங்களுக்கும் வரலாம். நிறையப் பேருக்கு வருகிறது. வெட்கப்படாமல் இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) மருத்துவரிடம் சொல்லுங்கள், உங்கள் பேட்ச் நண்பர்களோடு பேச்சை விட்டுவிடாதீர்கள்.

விடுப்பில் எப்போது வருகிறீர்கள் என்று எழுதுங்கள். வரும்போது பழைய பட்டா, சிட்டா, அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று இவற்றின் நகலை அண்ணனிடம் கேட்டு எடுத்து வையுங்கள். காட்டில் நான்கைந்து இடத்தில் ஆங்கில ‘வி’ வடிவில் முக்கால் அடிக் குழி வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டிக் கலந்து, அரை கிலோ அளவு துணிப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில் எடுங்கள். எருக்குழி ஓரத்திலும் வரப்பு ஓரத்திலும் மண் எடுக்காதீர்கள். இரண்டையும் ஒரு வேலை நாள் காலையில் சந்தியூருக்குக் கொண்டுபோங்கள். முடிந்தால் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.